மேல்வானில் வீசும் காற்றுக்குப் பூச்சியம் எது? செய்மதிக் கருவியொன்றின் அளவுதிருத்தக் கதை

1990ஆம் ஆண்டு இரண்டாம் கட்டப் போர் தொடங்கியதோடு யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கான மின்சாரம் நின்றுபோனது. பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் சேர்ந்தது. அதன் பின்னரான ஆண்டுகளில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, ரைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் வானொலி கேட்ட கதையை அந்தத் தலைமுறையினர் இருக்கும் எந்த வீட்டிலும் இன்றும் கேட்கலாம். இரவில் பிபிசி தமிழோசை சிற்றலையில் வரும். சில நேரம் குரல் பக்கத்தில் இருந்து பேசுவது போலக் கேட்கும். முக்கியமான செய்தி வரும் இடத்தில் மங்கி, இரைச்சலுக்குள் போய்விடும். பெடல் சுற்றுபவர் களைத்துவிட்டார் என்று அவருக்குத்தான் ஏச்சு விழும்.

எல்லா நேரமும் பிழை அவருடையதல்ல. சிற்றலை வானொலி நெடுந்தூரம் வருவதற்குக் காரணம், நிலத்திலிருந்து சுமார் 100 முதல் 300 கிலோமீற்றர் வரையும் அதற்கு மேலும் பரந்திருக்கும் அயனமண்டலம் அதனைத் திருப்பி அனுப்புவதுதான். அந்தப் படை ஓரிடத்தில் நிலையாக நிற்பதில்லை. அந்த உயரத்தில் வீசும் காற்றும், அந்தக் காற்று உருவாக்கும் மின்புலமும் அதனை ஏற்றி இறக்குகின்றன, சில வேளை குலைத்தும் விடுகின்றன. காந்த மத்தியகோட்டை அண்டிய நமது பிரதேசத்தில், சூரியன் மறைந்த பின்னரான சில மணி நேரங்களில் இந்தக் குழப்பம் அதிகம்.

அந்தக் காற்றை அளப்பதற்கென்றே ஒரு கருவி அதே காலத்தில் விண்ணுக்குச் சென்றது. 1991 செப்டெம்பர் 12ஆம் திகதி டிஸ்கவரி விண்ணோடம் ஏற்றிச்சென்ற நாசாவின் யு.ஏ.ஆர்.எஸ். என்ற உயர்வளிமண்டல ஆய்வுச் செய்மதியில் பொருத்தப்பட்டிருந்த 'வின்டி' என்ற காற்றுப் படக் கருவி அது. கனடாவும் பிரான்சும் சேர்ந்து செய்தவை. அதன் தலைமை ஆய்வாளர் கோர்டன் ஷெப்பேர்ட், புலம்பெயர்ந்த நம்மவர்கள் பெருந்தொகையாக வாழும் ரொறன்ரோவின் யோர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். பூமியிலிருந்து 585 கிலோமீற்றர் உயரத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 தடவை பூமியைச் சுற்றிய அந்தச் செய்மதி, 1995இன் பெரும் இடப்பெயர்வு நாட்களிலும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

வின்டி எதை அளந்தது என்பதை விட, அது அளந்ததை எப்படி நம்புவது என்பதே இந்தக் கட்டுரையின் விடயம்.

அவ்வளவு உயரத்தில் காற்று உண்டா?

சோளகம் எப்போது எழும்பும், வாடை எப்போது திரும்பும், கொண்டல் மழை தருமா என்பது குடாநாட்டின் கமக்காரருக்கும் கடற்றொழிலாளருக்கும் கணக்குப் போட்டுப் பார்க்காமலே தெரியும். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் ஏற்றுபவர் நூலின் இழுவையிலேயே காற்றின் வேகத்தைச் சொல்லிவிடுவார். இவையெல்லாம் தரையை ஒட்டிய காற்றுகள். வானிலை அவதான நிலையங்கள் விடும் பலூன்கள் சுமார் 30 கிலோமீற்றர் வரை போய் வெடித்துவிடும். அதற்கு மேல் பலூனும் இல்லை, விமானமும் இல்லை.

100 கிலோமீற்றர் உயரத்தில் வளியின் அடர்த்தி தரையில் உள்ளதன் இருபது இலட்சத்தில் ஒரு பங்கிலும் குறைவு. ஆனாலும் அங்கே செக்கனுக்கு 50 மீற்றர், 100 மீற்றர் வேகத்தில் காற்று வீசுவது வழமை. தரையில் அந்த வேகம் பெரும் சூறாவளிக்கு உரியது. அங்கே அதில் சருகு கூட அசையாது, ஏனெனில் தள்ளுவதற்குப் போதிய வளி இல்லை. ஆயினும் மின்னேற்றம் பெற்ற அயன்களைக் காந்தப்புலத்தின் ஊடாக இழுத்து மின்னோட்டத்தை உருவாக்க அது போதும்.

இந்தக் காற்றை நமது பக்கத்தில் அளக்கும் முயற்சி பழையது. 1963 நவம்பர் 21ஆம் திகதி மாலை, திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து ஏவப்பட்ட இந்தியாவின் முதலாவது ரொக்கட் கொண்டுசென்றது சோடியம் ஆவியை. அந்தி வானில் மஞ்சள் கலந்த செம்மையோடு ஒளிர்ந்த அந்த மேகம் எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாக இழுபடுகிறது என்று படம்பிடித்து, மேலே வீசும் காற்றைக் கணித்தார்கள். காந்த மத்தியகோடு அருகில் செல்கிறது என்பதற்காகவே தும்பா தெரிவு செய்யப்பட்டது. ஆனால் ஒரு ரொக்கட் ஓரிடத்தில் சில நிமிடங்களுக்கு மட்டுமே தகவல் தரும். உலகம் முழுவதும், ஆண்டு முழுவதும் அளக்கச் செய்மதிதான் வேண்டும்.

ஒளியில் காற்றை வாசித்தல்

செய்மதி காற்றைத் தொடுவதில்லை, பார்க்கிறது. உயர்வளிமண்டலத்தில் உள்ள ஒட்சிசன் அணுக்கள் மிக மங்கலாக ஒளிர்ந்துகொண்டே இருக்கின்றன. அவற்றின் பச்சை ஒளி 557.7 நானோமீற்றர் அலைநீளத்தில் வருவது. இரவில் அது சுமார் 97 கிலோமீற்றர் உயரத்தில் செறிந்திருக்கும். 630 நானோமீற்றர் சிவப்பு ஒளி இன்னும் மேலே, 250 கிலோமீற்றர் அளவிலிருந்து வரும். அந்த அணுக்கள் காற்றோடு நம்மை நோக்கி வந்தால் ஒளியின் அலைநீளம் சற்றுக் குறையும், விலகிப் போனால் சற்றுக் கூடும். இதுவே டொப்ளர் விளைவு.

போர்க்காலத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வரும் விமானத்தின் ஒலியையும் போகும் விமானத்தின் ஒலியையும் காதாலேயே பிரித்தறிந்து, பதுங்குகுழிக்குள் போவதா வெளியே வருவதா என்று முடிவு செய்தவர்கள் அவர்கள். வின்டி அதையே ஒளியில் செய்தது.

சிக்கல் அளவில்தான் இருக்கிறது. செக்கனுக்கு 10 மீற்றர் வேகக் காற்று ஒளியின் அலைநீளத்தை மூன்று கோடியில் ஒரு பங்கு மட்டுமே மாற்றும். சாதாரண நிறமாலைக் கருவிகளால் இதைப் பிரித்துக் காண முடியாது. எனவே வின்டி, உயர்தரப் பௌதிகவியலில் மாணவர் படிக்கும் ஒளியலைத் தலையீட்டைப் பயன்படுத்தியது. வந்த ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒன்றை மற்றதை விடச் சுமார் 4.5 சென்ரிமீற்றர் கூடுதலாகப் பயணிக்கவைத்து, மீண்டும் சேர்ப்பது. இந்தக் கூடுதல் தூரத்துக்குள் பச்சை ஒளியின் அலைகள் ஏறத்தாழ 80,000 அடங்கும். ஒவ்வோர் அலையிலும் ஏற்படும் நுண்ணிய மாற்றம் 80,000 தடவை கூடிச் சேரும்போது அளக்கக்கூடியதாகிறது.

அப்படியும் 10 மீற்றர் வேகக் காற்றுக்குக் கிடைப்பது, 360 பாகைச் சுழற்சியில் ஏறக்குறைய ஒரு பாகை மாற்றம்தான்.

கண்ணாடி சுருங்கினாலும் காற்றுப் போலத் தெரியும்

அளவுதிருத்தம் ஏன் தேவை என்பது இங்கேதான் விளங்கும். அந்த ஒரு பாகை மாற்றம் காற்றால்தான் வர வேண்டும் என்றில்லை. கருவிக்குள் உள்ள பாதை வேறுபாடு 1.5 நானோமீற்றர் மாறினாலும் அதே ஒரு பாகை வரும். தலைமுடி ஒன்றின் தடிப்பை ஐம்பதாயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு அது. செய்மதி பகல் பக்கத்திலிருந்து இரவுப் பக்கத்துக்குப் போகும்போது கருவியின் வெப்பநிலை சற்று மாறும், கண்ணாடி அதற்கேற்ப விரியும் சுருங்கும். இல்லாத காற்றை அது உருவாக்கிக் காட்டிவிடும்.

சந்தைத் தராசை எடுத்துக்கொள்வோம். தட்டு வெறுமையாக இருக்கும்போதே முள் 50 கிராம் காட்டினால் அன்று முழுவதும் நிறுப்பதெல்லாம் பிழை. அந்தப் பிழையாவது ஒரே அளவில் இருந்தால் கழித்துவிடலாம். காலையில் 50, வெயில் ஏற 80, மாலையில் 30 என்று மாறினால் ஒவ்வொரு தடவையும் வெறும் தட்டைப் பார்த்தே நிறுக்க வேண்டும். முதலாவது பிரச்சினையைத் தீர்ப்பது அளவுதிருத்தம். இரண்டாவது, கருவியின் நிலைத்தன்மை பற்றிய பிரச்சினை. ஊர்த் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை குத்தும் நடைமுறை இருக்கிறது. விண்ணில் உள்ள தராசுக்கு யார் போய் முத்திரை குத்துவது?

வின்டியைச் செய்தவர்கள் இதற்குப் பல வழிகளைக் கையாண்டார்கள்.

முதலாவது, கருவியின் அமைப்பு. பிரிந்த இரு கதிர்களும் செல்லும் கண்ணாடிகளை வெவ்வேறு வகையாகத் தெரிந்தார்கள். வெப்பம் கூடும்போது ஒன்றில் ஏற்படும் மாற்றத்தை மற்றதன் மாற்றம் ஈடுசெய்யும். முழுமையாக அல்ல, ஆனால் பெருமளவுக்கு.

இரண்டாவது, கூடவே கொண்டுசென்ற விளக்குகள். அலைநீளம் நன்கு தெரிந்த, எந்தக் காற்றாலும் அசையாத ஒளியை இடையிடையே கருவிக்குள் செலுத்திப் பார்த்தால், முன்பு பார்த்ததிலிருந்து கருவி எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று தெரியும். அளவீட்டிலிருந்து அந்த நகர்வைக் கழித்துவிடலாம்.

மூன்றாவது, செய்மதியின் சொந்த வேகம். யு.ஏ.ஆர்.எஸ். செக்கனுக்கு ஏழரைக் கிலோமீற்றர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. வின்டி பயணத் திசைக்கு 45 பாகையிலும் 135 பாகையிலும் பார்த்தது. அதாவது ஒரே இடத்தைச் சில நிமிட இடைவெளியில் இரண்டு கோணங்களில் பார்த்து, காற்றின் வேகத்தோடு திசையையும் கணிக்க முடிந்தது. ஆனால் அந்தப் பார்வைத் திசையில் செய்மதியின் வேகம் மட்டும் செக்கனுக்கு 5,300 மீற்றர். தேடும் காற்றோ 50 மீற்றர். பெரிய எண்ணைக் கழித்துத்தான் சிறிய எண்ணைக் காண வேண்டும். பார்க்கும் கோணத்தில் நூறில் ஒரு பாகை பிழைத்தால் செக்கனுக்குக் கிட்டத்தட்ட ஒரு மீற்றர் பொய்க் காற்று சேரும். பார்க்கும் இடம் சுமார் 2,500 கிலோமீற்றர் தூரத்தில் என்பதால், மேல்கீழ்த் திசையில் அதே பிழை ஏற்பட்டால் உயரத்தில் ஏறக்குறைய அரைக் கிலோமீற்றர் தவறும். பூமி தன்னைத் தானே சுற்றும் வேகத்தையும் கழிக்க வேண்டும். மத்தியகோட்டில் அது செக்கனுக்கு 460 மீற்றருக்கு மேல்.

பூச்சியத்தைத் தேடி

விளக்கு, கருவி நகர்ந்ததைச் சொல்லும். ஆனால் 'காற்றே இல்லை' என்றால் கருவி எந்த எண்ணைக் காட்ட வேண்டும் என்பதைச் சொல்லாது. விளக்கின் அலைநீளமும் ஒட்சிசன் ஒளியின் அலைநீளமும் ஒன்றல்ல. இரண்டும் கருவிக்குள் வரும் பாதையும் ஒன்றல்ல. வெறும் தட்டு வேண்டும். 97 கிலோமீற்றர் உயரத்தில் காற்று வீசாத இடம் என்று ஒன்று கிடையாது.

ஆகவே பூச்சியத்தைக் கணக்கால் பிடிக்க வேண்டியிருந்தது. ஒரே இடத்தின் காற்றை எதிரெதிர்த் திசைகளிலிருந்து பார்த்தால், ஒன்றில் வருவதாகவும் மற்றதில் போவதாகவும் தெரியும். உண்மையான காற்று குறி மாறும், கருவியின் பிழை குறி மாறாது. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் மிஞ்சுவது கருவியின் பிழை. சூரிய ஒளியின் திசையைக் கருதி யு.ஏ.ஆர்.எஸ். ஏறத்தாழ 36 நாட்களுக்கு ஒரு தடவை அரைச்சுற்றாகத் திருப்பப்பட்டது. இப்படிப் பார்வைத் திசை மாறும்போது கிடைக்கும் தரவுகள் பூச்சியத்தைத் தேடுவோருக்கு உதவும். நீண்ட காலச் சராசரிகளையும் அதே செய்மதியில் இருந்த மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் 'எச்.ஆர்.டி.ஐ.' என்ற மற்றொரு காற்றுக் கருவியையும் வைத்து ஒப்பிட்டார்கள். செக்கனுக்குச் சுமார் 10 மீற்றர் துல்லியமே அடையக்கூடிய இலக்காக இருந்தது.

ஆனால் தன்னைத் தானே சரிபார்த்தால் போதாது. வெளியிலிருந்து ஒரு சாட்சி வேண்டும்.

திருநெல்வேலியிலிருந்து ஒரு சாட்சி

அத்தகைய சாட்சிகளில் ஒன்று யாழ்ப்பாணத்துக்கு மிக அருகில் இருந்தது. திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில், இந்தியப் புவிகாந்தவியல் நிறுவகத்தின் ஆய்வுகூடத்தில், 1992இல் நடு அதிர்வெண் ராடார் ஒன்று இயங்கத் தொடங்கியது. யாழ்ப்பாணத்திலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 270 கிலோமீற்றர். கொழும்பு இதைவிடத் தூரம்.

1.98 மெகாஹேர்ட்ஸ் வானொலி அலையை மேலே அனுப்பி, அயனமண்டலத்தின் கீழ்ப்பகுதியிலிருந்து திரும்பி வரும் எதிரொலியை மூன்று இடங்களில் வாங்குவது அதன் முறை. எதிரொலியின் கோலம் முதலில் எந்த வாங்கியில், பிறகு எதில் தெரிகிறது என்ற கால இடைவெளியிலிருந்து காற்றின் வேகமும் திசையும் கிடைக்கும். நெல் வயலில் காற்றின் அலை ஒரு வரப்பிலிருந்து அடுத்த வரப்புக்குப் போக எடுக்கும் நேரத்தைப் பார்ப்பது போல. ஏறத்தாழ 70 முதல் 98 கிலோமீற்றர் வரையான உயரத்தை அது இரவு பகலாக அளந்தது.

பக்கவாட்டாகப் பார்க்கும் செய்மதியின் ஒரு பார்வைக் கோடு சில நூறு கிலோமீற்றர் நீள வளியைச் சேர்த்தே அளக்கிறது. எனவே செய்மதிக்குத் திருநெல்வேலி வானும் யாழ்ப்பாண வானும் பெரிதும் ஒன்றுதான். திருநெல்வேலி ராடார் பதிவு செய்த காற்று, மின்சாரமில்லாத யாழ்ப்பாணத்தின் மேலே வீசிய காற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

ஆனால் சாட்சியும் குறுக்கு விசாரணைக்கு உட்பட்டதே. உலகின் பல இடங்களில் உள்ள இத்தகைய ராடார்களோடு யு.ஏ.ஆர்.எஸ். கருவிகளை ஒப்பிட்டபோது, செய்மதி காட்டிய வேகம் ராடார் காட்டியதை விடக் கூடுதலாக இருந்தது. யார் பிழை? செய்மதி கூட்டிச் சொல்கிறதா, ராடார் குறைத்துச் சொல்கிறதா? திருநெல்வேலிக்கு இன்னொரு தனிச் சிக்கலும் இருந்தது. காந்த மத்தியகோட்டின் மேலே, சுமார் 100 கிலோமீற்றர் உயரத்தை அண்டி, பகலில் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. அங்கு பணியாற்றிய எஸ். குருபரன், ஆர். ராஜாராம் ஆகிய ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ராடார் அளக்கும் உயரத்தின் மேற்பகுதியில் இந்த மின்னோட்டத்தின் சாயல் தெரிவதைக் காட்டினார்கள். அதாவது அந்த உயரத்தில் ராடார் காற்றென்று காட்டுவது முழுவதும் காற்றல்ல. அதில் ஒரு பகுதி மின்புலத்தால் நகரும் மின்னேற்றங்களின் ஓட்டம்.

தங்கள் கருவியை எந்த உயரத்தில் நம்பலாம், எந்த உயரத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதைக் கருவியின் சொந்தக்காரர்களே அச்சில் சொன்னார்கள். அதனால்தான் கீழ் உயரங்களில் அது தந்த தரவுகளின் மதிப்புக் கூடியது.

பின்னால் வந்தவை

மூன்று ஆண்டுகளுக்கெனத் திட்டமிடப்பட்ட யு.ஏ.ஆர்.எஸ்., 2005 டிசம்பர் வரை, 14 ஆண்டுகள் இயங்கியது. 2011 செப்டெம்பர் 24ஆம் திகதி பசிபிக் கடலின் மேல் வளிமண்டலத்துக்குள் நுழைந்து அழிந்தது. அதன் வழியில் வந்தது 2019 ஒக்டோபரில் ஏவப்பட்ட நாசாவின் ஐகான் செய்மதி. ஒன்றுக்கொன்று செங்கோணமாகப் பார்க்கும் இரண்டு கருவிகளைக் கொண்ட 'மைட்டி', அதே பச்சை, சிவப்பு ஒளிகளில் 90 முதல் 300 கிலோமீற்றர் வரை காற்றை அளந்தது. மத்தியகோட்டை ஒட்டிய சுற்றுப்பாதை என்பதால் நமது வான் அதன் பார்வைக்குள் அடிக்கடி வந்தது. மைட்டியின் பூச்சியமும் காலப்போக்கில் நகர்ந்தது. அதைக் கண்டறிந்து திருத்திய புதிய தரவுப் பதிப்புகள் வெளியிடப்பட்டன. 2022 நவம்பரில் தொடர்பு அறுந்த ஐகான் பின்னர் மீளவில்லை.

ஐரோப்பாவின் ஏயோலஸ் சற்று வேறு வகை. 2018 ஓகஸ்டில் ஏவப்பட்ட அது, லேசர் ஒளியைக் கீழே அனுப்பித் திரும்பி வருவதைக் கொண்டு 30 கிலோமீற்றர் வரையான காற்றை அளந்தது. தரையிலிருந்து திரும்பும் லேசர் ஒளி அதற்கொரு வெறும் தட்டாக உதவக்கூடியது, ஏனெனில் தரை நகராது. அப்படியிருந்தும் விளங்காத பிழைகள் வந்தன. தேடிப் பார்த்ததில் காரணம் அதன் ஒன்றரை மீற்றர் தொலைநோக்கிக் கண்ணாடி. கீழே குளிர்ந்த மேகமா சூடான நிலமா என்பதைப் பொறுத்துக் கண்ணாடியின் வெவ்வேறு பகுதிகளின் வெப்பநிலை ஒரு பாகையின் மிகச் சிறு பங்கு வேறுபட்டது. அதுவே செக்கனுக்குப் பல மீற்றர் பொய்க் காற்றைக் காட்டப் போதுமாக இருந்தது. 2020 ஏப்ரலிலிருந்து கண்ணாடியின் வெப்பநிலையை வைத்து இந்தப் பிழை திருத்தப்பட்டது.

இது நமக்கு எட்டாத விடயமல்ல. ஐரோப்பிய வானிலை மையம் 2020 ஜனவரி 9 முதல் ஏயோலஸ் தரவுகளைத் தன் நாளாந்த முன்னறிவிப்பில் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பர் 2ஆம் திகதி இரவு திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்த புரெவி புயலின் பாதையை அந்த மையம் கணித்தபோது உள்ளே போன எண்ணற்ற தரவுகளில், வெப்பநிலைத் திருத்தம் செய்யப்பட்ட அந்தக் காற்றுகளும் அடங்கும்.

நமக்கு இதில் என்ன?

மேல்வானக் காற்று இன்று நமது கைகளில் உள்ள கருவிகளையும் தொடுகிறது. கடலுக்குப் போகும் படகில் உள்ள ஜி.பி.எஸ். சமிக்ஞை அதே அயனமண்டலத்தைக் கடந்துதான் வருகிறது. திருத்தம் செய்யாவிட்டால் அயனமண்டலம் மட்டும் பல மீற்றர், சில வேளை பல பத்து மீற்றர் பிழையைத் தரும். சூரியன் மறைந்த பின் அயனமண்டலம் குலையும் இரவுகளில் சமிக்ஞை நடுங்கும், சில வேளை அறுந்தும் போகும். மத்தியகோட்டுப் பகுதியில் இது எப்போது நடக்கும் என்று முன்கூட்டியே சொல்வது இன்னும் தீராத ஆய்வுப் பிரச்சினை. மேலே வீசும் காற்றைச் சரியாக அளக்காமல் அதற்கு விடை கிடையாது.

இன்னொரு காரணமும் உண்டு. 2009இன் இறுதி மாதங்களில் வன்னியில் நடந்தவற்றுக்கான சான்றுகளில் செய்மதிப் படங்களும் அடங்கும். ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கையிலும் அவை இடம்பெற்றன. 'செய்மதியே காட்டிவிட்டது' என்று ஒரு தரப்பும், 'செய்மதியில் எதையும் காட்டலாம்' என்று மறு தரப்பும் சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறோம். காற்றை அளப்பதும் நிலத்தைப் படம்பிடிப்பதும் வெவ்வேறு வேலைகள். ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றே. கருவி எப்போது சரிபார்க்கப்பட்டது? எதனோடு ஒப்பிட்டார்கள்? பிழை எவ்வளவு என்று அவர்களே சொல்கிறார்களா? மூலத்தரவு மற்றவர்கள் மீண்டும் கணக்கிட்டுப் பார்க்கும்படி திறந்திருக்கிறதா? இவற்றுக்குப் பதில் இருக்கும் அளவீட்டை வெறும் மறுப்பால் தள்ளிவிட முடியாது. பதில் இல்லாத அளவீட்டை நமக்குச் சாதகமானது என்பதற்காக ஏற்கவும் கூடாது.

வடக்கின் வானிலைப் பதிவுகளில் போர் விட்டுச்சென்ற இடைவெளிகள் உள்ளன. அளக்கப்படாத மழையையும் காற்றையும் இனி எவராலும் போய் அளக்க முடியாது. அந்த ஆண்டுகளில் நமது தலைக்கு மேலே சுற்றிய யு.ஏ.ஆர்.எஸ். செய்மதியின் தரவுகள் நாசாவின் காப்பகத்தில் எவரும் எடுத்துப் பார்க்கும்படி இருக்கின்றன. பௌதிகவியலோ புவியியலோ படிக்கும் நமது மாணவர் ஒருவர், கருவியின் பிழைக் கணக்கையும் கூடவே வைத்துக்கொண்டு, குடாநாட்டின் மேலே அன்று வீசிய காற்றை இன்றும் தேடிப் பார்க்கலாம். தமிழோசை மங்கிய இரவுகளில் பிழை பெடல் சுற்றியவருடையதா, மேலே வீசிய காற்றுடையதா என்பதற்கான ஒரு தடயமாவது அதில் கிடைக்கக்கூடும்.